பிரேக் கணக்கு: தொழில்முறை நைன்பால் போட்டிகளின் தொடக்க அடியைப் பதிவு செய்து அளப்பது எப்படி?

தொழில்முறை நைன்பால் போட்டியின் நேரலையில் ஒரு வீரரின் பெயருக்குக் கீழே ‘பிரேக் 62%’ என்று ஓர் எண் தோன்றினால், அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. அவர் அடித்த நூறு பிரேக்குகளில் 62-இல் ஏதேனும் ஒரு பந்து விழுந்தது என்று பொருளா? பந்தும் விழுந்து, ஃபவுலும் இல்லாமல் இருந்தது என்று பொருளா? அல்லது அவர் பிரேக் அடித்துத் தொடங்கிய ரேக்குகளில், அதாவது ஒருமுறை பந்துகளை அடுக்கி ஆடும் தனி ஆட்டங்களில், 62 சதவீதத்தை அவரே வென்றார் என்று பொருளா? மூன்றும் வெவ்வேறு நிகழ்வுகள். ஒன்றின் எண்ணை இன்னொன்றின் இடத்தில் வைத்துப் பேசுவதால்தான் பிரேக்கைப் பற்றிய பெரும்பாலான வாதங்கள் முடிவுக்கு வருவதில்லை. போட்டிகளைக் காணொளியில் பார்த்து, கையில் ஒரு தாளுடன் இந்த எண்களைத் தாமே திரட்ட விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

ஸ்னூக்கர் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு சொல் விளக்கம் தேவைப்படும். ஸ்னூக்கரில் பிரேக் என்றால் ஒருவர் ஒரே முறை மேசைக்கு வந்து தொடர்ந்து சேர்க்கும் புள்ளிகள். பூலில் பிரேக் என்பது அடுக்கி வைத்த பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி மட்டுமே. இந்தக் கட்டுரையில் அந்தச் சொல் இரண்டாவது பொருளிலேயே வருகிறது. நைன்பால் என்பது, 9ஆம் எண் பந்தை விதிப்படி பாக்கெட் என்னும் மேசைக் குழியில் போடுபவர் ரேக்கை வெல்லும் பூல் ஆட்டம். அடுக்கி வைத்த பந்துக் குவியலையும் ரேக் என்றே சொல்வார்கள்.

எண்ணத் தொடங்கும் முன் எழுத வேண்டியவை

பிரேக் சதவீதம் என்பது வீரரின் கைத்திறனை மட்டும் காட்டும் எண் அன்று. அந்தப் போட்டியின் விதிகளையும், பந்து அடுக்கிய விதத்தையும், மேசையையும் சேர்த்தே அது காட்டுகிறது. ஆகவே தாளின் தலைப்பகுதியில் முதலில் நிலைமைகளை எழுதிவிட வேண்டும். பிறகு நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது. நான் முதலில் பதிவு செய்த தாள்களில் இந்தப் பகுதி இல்லாமல் போனதால், அந்த எண்களை வேறெந்தப் போட்டியோடும் ஒப்பிட முடியாமல் ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று.

நிலைமைகளில் மிக முக்கியமானது, ரேக் மேசையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதாகும். நைன்பாலில் ஒன்பது பந்துகளும் வைர வடிவில், ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்ற வரிசைகளாக அடுக்கப்படுகின்றன. 1ஆம் எண் பந்து முனையிலும் 9ஆம் எண் பந்து நடுவிலும் நிற்கும். நெடுங்காலமாக இருந்த முறையில் 1ஆம் பந்து ஃபுட் ஸ்பாட் என்னும் புள்ளியின்மேல் வைக்கப்பட்டது. அந்த நிலையில், நடுவரிசையின் இரு ஓரங்களிலும் நிற்கும் ‘விங் பால்’ எனப்படும் பந்துகள், ரேக் நன்கு ஒட்டி நின்றால், பின்பக்கத்து மூலைப் பாக்கெட்டை நோக்கியே புறப்படும். பக்கவாட்டுக் குஷனை (மேசையின் ரப்பர் விளிம்பை) ஒட்டி வெள்ளைப் பந்தை வைத்து அடிக்கத் தெரிந்த ஒரு தொழில்முறை வீரருக்கு அந்தப் பந்தை விழச் செய்வது ஏறத்தாழப் பழக்கத்தின் பாற்பட்டதாகிவிட்டது. 2001ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் நைன்பால் போட்டியில் கோரி டூயல் வேகத்தைக் குறைத்து அடித்த மென்மையான பிரேக் இதற்குப் புகழ்பெற்ற சான்று. இறுதியாட்டத்தில் அவர் மிக்கா இம்மோனனை 11–0 என்று வென்றார். பலத்தால் சிதறடிப்பதே பிரேக் என்ற எண்ணத்தை அந்த வெற்றி அசைத்துப் பார்த்தது.

இதற்கு எதிர்வினையாகப் பல போட்டிகளில் ரேக்கை முன்னே நகர்த்தி, 9ஆம் பந்து புள்ளியின்மேல் நிற்குமாறு அடுக்கும் முறை வந்தது. பந்தின் விட்டம் 2¼ அங்குலம். ஒட்டி நிற்கும் இரு வரிசைகளின் மையங்களுக்கிடையே ஏறத்தாழ 1.95 அங்குலம் இடைவெளி. முனையிலிருந்து நடுவரிசைக்கு இரண்டு வரிசை தூரம் என்பதால், ரேக் முழுவதும் சுமார் 3.9 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர், பிரேக் அடிப்பவரை நோக்கி வந்துவிடுகிறது. அந்தப் பத்து சென்டிமீட்டர் போதும்: விங் பால் மூலைப் பாக்கெட்டுக்கு நேராகச் செல்லாமல் அதற்கு முன்பே குஷனில் மோதுகிறது. வீரர்கள் 1ஆம் பந்தைச் சாய்வாக வெட்டி நடுப் பாக்கெட்டில் விழச்செய்யும் உத்திக்கு மாறினார்கள். இதனுடன் ‘பிரேக் பாக்ஸ்’ விதியும் சேரும்போது வெள்ளைப் பந்தைக் குஷன் ஓரத்தில் வைக்க முடியாது. மேசையின் மேற்பகுதியில், அதாவது பிரேக் அடிப்பவர் நிற்கும் பக்கத்தில், நடுவே குறித்த கட்டத்துக்குள்ளிருந்தே அடிக்க வேண்டும். ஆகவே 1ஆம் பந்து புள்ளியில் நின்ற ஒரு போட்டியின் சதவீதத்தையும், 9ஆம் பந்து புள்ளியில் நின்ற இன்னொரு போட்டியின் சதவீதத்தையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்தால், வீரர்களை ஒப்பிடுவதாக எண்ணிக்கொண்டு நாம் அடுக்கும் முறைகளையே ஒப்பிடுகிறோம்.

அடுத்து, மூன்று பந்து விதி இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். அந்த விதியின்படி, பிரேக்கில் விழுந்த பந்துகளும் ஹெட் ஸ்ட்ரிங் என்னும் மேல்கோட்டைக் கடந்த பந்துகளும் சேர்ந்து குறைந்தது மூன்று இருக்க வேண்டும். குறைந்தால் அந்த பிரேக் செல்லாது. மென்மையான பிரேக்கைத் தடுக்கவே இது வந்தது. இந்த விதி நடைமுறையில் இருக்கும் போட்டியில், ஒரு பந்து விழுந்தும் செல்லாமற்போகும் பிரேக்குகள் இருக்கும். அவற்றை வெற்றிகரமான பிரேக்கில் சேர்த்தால் கணக்கு தவறிவிடும்.

ரேக்கை யார் அடுக்கினார், எதைக் கொண்டு அடுக்கினார் என்பதும் தாளில் இருக்க வேண்டும். மரச்சட்டத்தால் அடுக்கும்போது பந்துகளுக்கிடையே கண்ணுக்கு எளிதில் தெரியாத இடைவெளி விழுவது உண்டு. அந்த இடைவெளி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துப் பந்துகள் செல்லும் திசையே மாறிவிடும். துளைகள் இட்ட மெல்லிய தாள் போன்ற டெம்ப்ளேட்டின்மேல் வைத்தால் பந்துகள் ஒன்றையொன்று தொட்டபடி நிற்கின்றன. சிதறலும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நிகழ்கிறது. நடுவர் அடுக்கியதா, எதிராளி அடுக்கியதா, பிரேக் அடிப்பவரே அடுக்கியதா என்பதை ஓர் எழுத்தால் குறித்தால் போதும். மேசையைப் பொறுத்தவரை, பெரிய போட்டிகளில் ஒன்பது அடி மேசையே வழக்கம் என்பதால் அளவைவிட பாக்கெட் வாயின் அகலமே வேறுபாடு தரும்; அறிவிக்கப்பட்டிருந்தால் அதை எழுதிக்கொள்ளுங்கள். துணி புதிதா, பழையதா என்ற குறிப்பும் பயன்படும்.

கடைசியாக, வென்றவரே அடுத்த பிரேக்கையும் அடிக்கும் முறையா, இருவரும் மாறி மாறி அடிக்கும் முறையா என்பது. இது தரவையே எவ்வளவு திரிக்கக்கூடும் என்பதைக் கீழே விரிவாகக் காண்போம்.

தாளும் அதன் கட்டங்களும்

ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு வரி. முதற்கட்டத்தில் ரேக் எண், அடுத்ததில் பிரேக் அடித்தவர். மூன்றாவதில் விழுந்த பந்துகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், எந்தெந்த எண் பந்துகள், எந்தப் பாக்கெட்டில் விழுந்தன என்று எழுதுங்கள். இது கூடுதல் வேலைதான். ஆனால் 1ஆம் பந்து நடுப் பாக்கெட்டில் விழுந்தது திட்டமிட்ட அடி என்பதையும், 6ஆம் பந்து மூன்று குஷன் சுற்றி வந்து விழுந்தது தற்செயல் என்பதையும் பிறகு பிரித்தறிய இந்தக் கட்டம் ஒன்றுதான் துணை. ஒரு வீரர் ஒரே பந்தை ஒரே பாக்கெட்டில் மீண்டும் மீண்டும் போடுகிறார் என்றால் அவர் அந்த மேசையைப் படித்துவிட்டார் என்று பொருள்.

நான்காவது கட்டம் வெள்ளைப் பந்துக்கு. அது பாக்கெட்டில் விழுந்ததா, மேசையை விட்டு வெளியே போனதா, எங்கே நின்றது என்பதை எழுதுங்கள். மேசையை நீளவாக்கில் மூன்று பாகமாக மனத்தில் பிரித்து, மேல், நடு, கீழ் என்று ஒரு சொல் குறித்தால் போதும். பலமாக அடித்தும் வெள்ளைப் பந்தை மேசையின் நடுவிலேயே நிறுத்துவதுதான் சிறந்த பிரேக்கின் அடையாளம். தெற்கு டகோட்டாவைச் சேர்ந்த ஷேன் வான் போனிங் ஐந்து முறை அமெரிக்க ஓப்பன் வென்றவர், பிரேக்குக்காகவே பேர்பெற்றவர். அவருடைய ஆட்டங்களைப் பார்க்கும்போது சிதறும் பந்துகளை விட்டுவிட்டு வெள்ளைப் பந்தை மட்டும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். இந்தக் கட்டம் ஏன் தேவை என்பது ஒரே மாலையில் விளங்கிவிடும்.

ஐந்தாவது கட்டமே என் பார்வையில் தாளின் உயிர்நாடி: பந்துகள் நின்றபின், மேசையில் உள்ள மிகக் குறைந்த எண் பந்துக்கு வழி இருக்கிறதா? நைன்பாலில் குறைந்த எண் பந்தையே முதலில் தொட வேண்டும் என்பதால், பிரேக்கில் இரண்டு பந்து விழுந்திருந்தும் 1ஆம் பந்து வேறொரு பந்துக்குப் பின்னால் மறைந்திருந்தால் பிரேக் அடித்தவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. இதற்கு மூன்று குறிகள் வைத்துக்கொள்ளலாம். நேராகத் தொட்டுப் பாக்கெட்டிலும் போடக்கூடிய நிலைக்கு ‘போ’. தொட முடியும், ஆனால் போட வழியில்லை என்பதற்கு ‘தொ’. தொடவே வழியில்லை, குஷனில் மோதித் திரும்பியோ, வெள்ளைப் பந்தைத் துள்ளவைக்கும் ஜம்ப் அடித்தோதான் அடைய முடியும் என்பதற்கு ‘ம’, அதாவது மறைவு. காணொளியில் மேலிருந்து எடுத்த காட்சி வரும்போது நிறுத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள். வீரர் என்ன அடித்தார் என்பதைப் பார்த்தபின் குறியிட்டால், அவர் போட்டுவிட்டதாலேயே அது போடத்தக்க பந்து என்று தோன்றிவிடும். அடிக்கும் முன்பே குறியிட வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள்.

ஆறாவது கட்டம் புஷ் அவுட் நடந்ததா என்பதற்கு. பிரேக்குக்கு அடுத்த அடியில், எந்தப் பந்தையும் தொட வேண்டிய கட்டாயமின்றி வெள்ளைப் பந்தை வேறிடத்துக்குத் தள்ளிவைக்க நைன்பால் விதி இடமளிக்கிறது. அதன்பின் எதிராளி மேசையை ஏற்கலாம், அல்லது தள்ளியவரிடமே திருப்பிவிடலாம். ஏழாவது கட்டத்தில் ரேக்கை வென்றவர். எட்டாவதில், எதிராளி ஒரு முறைகூட மேசைக்கு வராமலே பிரேக் அடித்தவர் முடித்தாரா என்பது, அதாவது பிரேக் அண்ட் ரன்.

சிக்கலான நிலைகளுக்கு முன்கூட்டியே முடிவெடுத்து, தாளின் அடியில் எழுதி வையுங்கள். பிரேக்கிலேயே 9ஆம் பந்து விழுந்து ரேக் முடிந்தால் அதை பிரேக் அண்ட் ரன்னில் சேர்ப்பதா? நான் சேர்ப்பதில்லை, தனிக்குறி இடுகிறேன், ஏனெனில் அங்கே ஓட்டமே இல்லை. மேலும், அப்படி விழும் 9ஆம் பந்தைச் சில போட்டிகள் வெற்றியாக ஏற்பதில்லை. திரும்பப் புள்ளியில் வைத்து ஆட்டத்தைத் தொடர்கின்றன. நடுவில் 3ஆம் பந்தை அடித்து அதன் வழியாக 9ஆம் பந்தைப் போட்டு முடித்தால், எதிராளி மேசைக்கு வராதவரை அது பிரேக் அண்ட் ரன்தான். புஷ் அவுட்டுக்குப் பின் எதிராளி மேசையைத் திருப்பிவிட்டு, பிரேக் அடித்தவர் அங்கிருந்து முழுவதும் முடித்தால்? எதிராளி அடிக்கவில்லை என்றாலும் அவர் ஒரு முடிவெடுத்திருக்கிறார். ஆகவே நான் அதையும் தனியே வைக்கிறேன். வேறொருவர் வேறுவிதமாக முடிவு செய்யலாம். முதல் ரேக்கிலிருந்து கடைசி ரேக் வரை அதே முடிவு நிற்க வேண்டும் என்பதே முக்கியம்.

எண்களைக் கணக்கிடுதல்

கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஒரு கற்பனைத் தாளை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 60 ரேக்குகள். அவற்றில் 36-இல் பந்து விழுந்து ஃபவுலும் இல்லை. 17 வெறும் பிரேக், அதாவது ஒன்றும் விழவில்லை. 7-இல் வெள்ளைப் பந்து விழுந்துவிட்டது. வெள்ளை விழுந்த பிரேக்கில் வேறு பந்துகள் விழுந்திருந்தாலும் அது மூன்றாவது வகையிலேயே சேரும். நல்ல பிரேக்குகள் 36-இல் 24 ‘போ’ நிலை. அவற்றில் பிரேக் அடித்தவர் 19 ரேக்குகளை வென்றார். எஞ்சிய 12 ‘தொ’ அல்லது ‘ம’ நிலை. அவற்றில் 6 வெற்றி. வெறும் பிரேக் 17-இல் 6 வெற்றி. வெள்ளை விழுந்த 7-இல் 2 வெற்றி. பிரேக் அண்ட் ரன் 14. அவற்றில் 13 ‘போ’ நிலையிலிருந்து வந்தவை.

இப்போது எழுதத்தக்க எண்களைப் பாருங்கள். நல்ல பிரேக் விகிதம் 36/60, அதாவது 60 சதவீதம். பிரேக் அடித்தவர் வென்ற விகிதம் 33/60, அதாவது 55 சதவீதம். பிரேக் அண்ட் ரன் மொத்த பிரேக்குகளில் 14/60, அதாவது 23.3 சதவீதம், நல்ல பிரேக்குகளில் 14/36, அதாவது 38.9 சதவீதம், வழி இருந்த பிரேக்குகளில் 13/24, அதாவது 54.2 சதவீதம். ஒரே தாளிலிருந்து, ஒரே பெயரில், 23 என்றும் 39 என்றும் 54 என்றும் மூன்று எண்களைத் தர முடிகிறது. வகுஎண் என்ன என்று சொல்லாமல் பிரேக் அண்ட் ரன் சதவீதத்தைக் கூறுபவர் எதையும் கூறவில்லை.

இந்தத் தாளின் உண்மையான பயன் அடுத்த படியில் இருக்கிறது. நான்கு விளைவுகளுக்கும் தனித்தனி வெற்றி விகிதத்தைக் கணக்கிடுங்கள். பந்து விழுந்து வழியும் இருந்தால் 19/24, அதாவது 79 சதவீதம். பந்து விழுந்து வழி இல்லையென்றால் 6/12, அதாவது 50. வெறும் பிரேக்கில் 6/17, அதாவது 35. வெள்ளை விழுந்தால் 2/7, அதாவது 29. இனி, இருவகை பிரேக்குகளை இவற்றால் எடைபோடலாம். முதல் வகை பலமான அடி: நூற்றுக்கு 70 முறை பந்து விழுகிறது, ஆனால் அவற்றில் பாதியில்தான் வழி இருக்கிறது; 15 வெறும் பிரேக், 15 முறை வெள்ளை விழுகிறது. இரண்டாவது வகை அடக்கமான அடி: 60 முறையே பந்து விழுகிறது, ஆனால் அவற்றில் 45-இல் வழி இருக்கிறது, 35 வெறும் பிரேக், 5 முறைதான் வெள்ளை விழுகிறது. ஒவ்வொரு விளைவின் எண்ணிக்கையையும் அதன் வெற்றி விகிதத்தால் பெருக்கிக் கூட்டினால், முதல் வகைக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 55 வெற்றியும் இரண்டாவதற்கு ஏறத்தாழ 57 வெற்றியும் வருகின்றன. பந்து விழும் விகிதத்தில் பத்து புள்ளி பின்தங்கிய பிரேக், ரேக்கை வெல்வதில் முந்திவிடுகிறது. பந்து விழுந்ததா என்பதை மட்டும் எண்ணும் புள்ளிவிவரம் இதை ஒருபோதும் காட்டாது. ஐந்தாவது கட்டத்தை உயிர்நாடி என்று சொன்னதன் காரணம் இதுவே.

தொழில்முறை பூலில் ஆட்டத்திறனை அளக்க நன்கறியப்பட்ட ஒரு முறை ஏற்கெனவே உண்டு. பாட் ஃப்ளெமிங் தொடங்கிய அக்யூ-ஸ்டாட்ஸ் நிறுவனத்தின் டிபிஏ என்னும் மதிப்பீடு, ஒருவர் போட்ட பந்துகளின் எண்ணிக்கையை, அந்தப் பந்துகளும் அவர் செய்த பிழைகளும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்கிறது; .900-க்கு மேல் வந்தால் அது உலகத்தரம் எனக் கொள்ளப்படுகிறது. முழு ஆட்டத்தின் தூய்மையை அறிய அது அருமையான அளவுகோல். பிரேக்கை மட்டும் தனியே பிரித்தறிய அது போதாது என்பதால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்.

வென்றவர் பிரேக் என்னும் கண்ணி

தொழில்முறை நைன்பாலில் பிரேக் அடித்தவர் வெல்லும் விகிதம் பலரும் நினைப்பதைவிடப் பாதிக்கு மிக அருகிலேயே நிற்கிறது. அப்படிப் பாதியைச் சற்றே தாண்டி நிற்கும் எண்ணைக் கூட, வென்றவரே தொடர்ந்து பிரேக் அடிக்கும் போட்டியிலிருந்து வந்திருந்தால், எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். பிரேக் எந்த நன்மையும் தராத ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்யுங்கள்: யார் பிரேக் அடித்தாலும் முதல் வீரர் 60 சதவீத ரேக்குகளையும், இரண்டாமவர் 40 சதவீதத்தையும் வெல்கிறார். வென்றவர் பிரேக் முறையில் நீண்ட ஆட்டத்தில் முதல் வீரரே 60 சதவீத பிரேக்குகளை அடிப்பார். பிரேக் அடித்தவர் வென்ற விகிதம் 0.6 × 0.6 + 0.4 × 0.4, அதாவது 52 சதவீதம். இருவரின் பலம் 70க்கு 30 என்று இருந்தால் அது 58 சதவீதமாகிவிடும். பிரேக்கால் ஒரு பயனும் இல்லாத நிலையிலேயே ‘பிரேக் அடித்தவர் 58 சதவீதம் வென்றார்’ என்று தாள் சொல்கிறது. பலமானவரே அதிகம் பிரேக் அடிக்கிறார் என்பது மட்டுமே இதன் காரணம்.

இந்தக் கண்ணியிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு எண்களைத் தனியே எடுங்கள்: தாம் பிரேக் அடித்த ரேக்குகளில் அவர் வென்ற விகிதம், எதிராளி பிரேக் அடித்த ரேக்குகளில் அவர் வென்ற விகிதம். இரண்டின் வேறுபாடுதான் அவருக்கு பிரேக்கின் மதிப்பு. மேலே கூறிய கற்பனை ஆட்டத்தில் அந்த வேறுபாடு சரியாகச் சுழியம் என்று வரும்.

வென்றவர் பிரேக் முறையில் ஒருவர் தொடர்ந்து ஐந்தாறு ரேக்குகளை எதிராளிக்கு வாய்ப்பே தராமல் முடிக்கும்போது, அந்த முறை நியாயமற்றது என்ற குறை எழுவதுண்டு. இதைப் பற்றி நிகழ்தகவுக் கணிதம் ஓர் அழகிய முடிவைத் தருகிறது. முதல் பிரேக் ஒருவருக்கே கிடைக்கிறது, ஒவ்வொரு ரேக்கும் மற்றதைச் சாராதது, ஒவ்வொருவரும் தம் பிரேக்கில் வெல்லும் வாய்ப்பு மாறாதது என்று கொண்டால், 11 வெற்றிக்கு ஆடும் ஆட்டத்தில் ஒருவர் வெல்லும் வாய்ப்பு இரண்டு முறைகளிலும் துல்லியமாக ஒன்றே. முதல் பிரேக் அடிப்பவரிடம் 11 பிரேக்குகளும் மற்றவரிடம் 10 பிரேக்குகளும் கையிருப்பாக உள்ளன என்று எண்ணிக்கொள்ளுங்கள். எந்த முறையில் ஆடினாலும் ஆட்டம் முடியும் முன் யாரும் தம் கையிருப்பைத் தாண்டுவதில்லை. முடிவு தெரிந்தபின் மிச்சமுள்ள பிரேக்குகளையும் ஆடிவிட்டதாகக் கொண்டால், 21 ரேக்குகளில் 11-ஐ எட்டுபவர் யார் என்ற ஒரே கேள்விதான் எஞ்சும். எந்த வரிசையில் ஆடினார்கள் என்பது அதை மாற்றாது. பிரேக் முறை மாறினால் மாறுவது ஆட்டத்தின் போக்கும், தோற்றவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நேரமும்தான். மனத்தளர்ச்சியும் உற்சாகமும் ரேக்குக்கு ரேக் தொடர்வதாக நீங்கள் கருதினால், இந்தச் சமன்பாட்டிலிருந்து உங்கள் தரவு எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டே அதைச் சோதிக்கலாம்.

எத்தனை பிரேக் போதும்

இங்கேதான் ஆர்வலர்கள் அதிகம் தவறுகிறார்கள். விகிதத்தை, ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியால் பெருக்கி, பிரேக் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரட்டித்தால் வருவதே இருபுறமும் விட வேண்டிய தோராய இடைவெளி. மாறி மாறி அடிக்கும் முறையில் 11 வெற்றிக்கான ஆட்டம் கடைசி ரேக் வரை போனால்கூட ஒருவருக்கு 11 பிரேக்குக்கு மேல் கிடைக்காது. அதில் 55 சதவீதம் என்று வந்தால் இடைவெளி இருபுறமும் 30 புள்ளி. உண்மை 25-லிருந்து 85 வரை எங்கும் இருக்கலாம். 200 பிரேக் எண்ணினால் இடைவெளி 7 புள்ளியாகக் குறைகிறது. 2 புள்ளித் துல்லியம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 2,475 பிரேக்குகள் தேவை. 1994 முதல் நடந்துவரும், ஐரோப்பிய அணியும் அமெரிக்க அணியும் மோதும் மொஸ்கோனி கோப்பை போல 5 வெற்றிக்கே ஆடும் குறுகிய ஆட்டங்களில் ஒரு வீரரின் பிரேக் ‘கைவிட்டுவிட்டது’ என்று பேசுவதற்குத் தரவில் அநேகமாக எந்த ஆதாரமும் இருக்காது.

இருவரை ஒப்பிடும்போது தேவை இன்னும் கூடுகிறது. ஒருவர் 200 பிரேக்கில் 55 சதவீதம், மற்றவர் 200 பிரேக்கில் 48 சதவீதம் என்றால், வேறுபாடு 7 புள்ளி. அந்த வேறுபாட்டுக்குரிய இடைவெளியோ இருபுறமும் 10 புள்ளி. யார் சிறந்தவர் என்று அந்தத் தாள் இன்னும் சொல்லவில்லை. மேலும், ஒரே ஆட்டத்தின் பிரேக்குகள் ஒரே மேசையில், ஒரே எதிராளியுடன், ஒரே மாலையில் அடிக்கப்படுபவை; ஆகவே அவை முற்றிலும் தனித்தனி நிகழ்வுகள் அல்ல. உண்மையான ஐயம் இந்தச் சூத்திரம் தருவதைவிடச் சற்று அதிகம் என்றே கொள்ளுங்கள்.

தொடர் வெற்றிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். பிரேக் அண்ட் ரன் வாய்ப்பு நான்கில் ஒன்று உள்ள வீரர், குறித்த ஓர் இடத்திலிருந்து தொடங்கித் தொடர்ந்து நான்கு ரேக்குகளை அப்படி முடிக்கும் வாய்ப்பு 256-இல் ஒன்று. அரிதாகத் தோன்றினாலும், பல மேசைகளில் நூற்றுக்கணக்கான ரேக்குகள் ஆடப்படும் ஒரு வாரத்தில் எங்கேனும் அது நிகழ்வதே இயல்பு.

நேரலை மேசையை மட்டும் எண்ணுவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒளிபரப்புக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவை பெரும்பாலும் முன்னணி வீரர்களின் ஆட்டங்கள். ஒரே மேசையில் பல நாள் ஆடப்படுபவை. அந்த எண்ணை ‘போட்டியின் சராசரி’ என்று எழுதாமல் ‘நேரலை மேசையின் சராசரி’ என்று எழுதுவதே சரி. தொடக்கச் சுற்றுகளையும் இறுதிச் சுற்றுகளையும் பிரித்து வைத்தால், வாரம் முழுவதும் ஆடிய துணியின் மாற்றமும் வீரர்கள் மேசையைக் கற்றுக்கொண்ட வேகமும் சில வேளைகளில் தெரியவரும்.

டென்பாலுக்கும் எய்ட்பாலுக்கும் இதே தாளைச் சிறு மாற்றங்களுடன் பயன்படுத்தலாம். டென்பாலில் பத்துப் பந்துகளும் முக்கோணமாக நிற்பதால் நைன்பாலின் விங் பால் போன்ற எளிய வழி இல்லை. ஆகவே எந்தப் பந்து எங்கே விழுந்தது என்ற மூன்றாவது கட்டத்தின் பயன் சற்றுக் குறையும். எய்ட்பாலில் குறைந்த எண் பந்து என்ற கட்டாயமே இல்லாததால் ஐந்தாவது கட்டத்தை மாற்றி, திறந்த மேசையில் (எந்த வகைப் பந்துகள் யாருக்கு என்று இன்னும் முடிவாகாத நிலையில்) தொடக்கப் பந்து ஒன்று கிடைத்ததா, ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகக் கிடக்கும் பந்துகள் எத்தனை என்று குறிப்பது பொருத்தம்.

முடித்த கணக்கைப் பிறருக்குத் தரும்போது சதவீதத்தை மட்டும் தராமல் ‘36/60’ என்று பின்னமாகவே தாருங்கள். அப்போதுதான் வேறொருவர் தம் தாளை உங்கள் தாளோடு கூட்ட முடியும். அதன் பக்கத்தில் ஆட்டவகை, எந்தப் பந்து புள்ளியின்மேல் நின்றது, பிரேக் பாக்ஸ், மூன்று பந்து விதி, அடுக்கியவர், டெம்ப்ளேட்டா மரச்சட்டமா, பிரேக் முறை ஆகிய ஏழையும் ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டு தாள்களில் இந்த வரி ஒன்றாக இருந்தால் பின்னங்களின் மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டிக்கொள்ளலாம். வேறாக இருந்தால் தனித்தனி அட்டவணைகளிலேயே வைத்திருங்கள்.